பழைய பெஞ்சு, நாற்காலி, ஊஞ்சல்: எந்தக் கோளாறைச் சரிசெய்யலாம், எதை வாங்காமல் விடலாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வெளியே வரும் தேக்கு பெஞ்சு, பிரம்பு நாற்காலி, கைநீண்ட சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை எல்லாம் அங்கே விலைக்கு நிற்கும். பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு ஆடுகிறது, மாவு கொட்டுகிறது, உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. அப்போதுதான் எங்கே தவறு என்று தேட ஆரம்பிக்கிறோம். அந்தத் தேடலைக் கடையிலேயே செய்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இதே வரிசை உதவும்.

என் கணக்கு எளிமையானது. மூட்டு, பிரம்பு, பாலிஷ் இந்த மூன்றில் உள்ள கோளாறைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் காலத்து ஆசாரிகள் இவற்றைக் கழற்றவும் மாற்றவும் முடிகிற மாதிரிதான் செய்தார்கள். மரமே உளுத்துப் போயிருந்தாலோ, அளவு உங்கள் உடம்புக்கு ஒத்துவராவிட்டாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

போகும்போது ஒரு டேப், டார்ச், கெட்டியான ஊசி, கொஞ்சம் பஞ்சு, சின்ன பாட்டிலில் பாலிஷ் ஸ்பிரிட் எடுத்துக்கொள்ளுங்கள். சாமானைக் கவிழ்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கவிழ்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

உட்கார்ந்தால் ஆடுகிறது

முதலில் தரையைச் சந்தேகப்படுங்கள். கடைத் தரை சமமாக இருப்பது அபூர்வம். பெஞ்சை அப்படியே அரைச் சுற்று திருப்பி வையுங்கள். முன்பு தூக்கி நின்ற அதே கால் இப்போதும் தூக்கினால் கோளாறு பெஞ்சில். வேறு கால் தூக்கினால் தரையில்.

கோளாறு பெஞ்சில்தான் என்றால் அடுத்த கேள்வி: கால் குட்டையா, மூட்டு தளர்வா? முதுகுச் சட்டத்தின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். இன்னொருவர் டார்ச் அடித்து, காலும் சட்டமும் சேரும் கோட்டைப் பார்க்கட்டும். தள்ளும்போது அந்தக் கோடு திறந்து மூடினால் மூட்டு தளர்ந்திருக்கிறது. கோடு அசையாமல், கால் மட்டும் தரையைத் தொடாமல் நின்றால் காலின் அடி தேய்ந்தோ அழுகியோ போயிருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரையில் பல வருடம் நின்ற சாமானுக்குக் கால் அடிதான் முதலில் போகும். கவிழ்த்து ஊசியால் குத்திப் பாருங்கள். அடியில் ஒரு விரல் அளவுக்கு மட்டும் மெத்தென்று இருந்தால் அந்தத் துண்டை அறுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டுப் போடலாம். மற்ற மூன்று கால்களையும் அறுத்துச் சமமாக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்காரும் உயரம் குறைந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூட்டு தளர்ந்ததற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பழைய சாமான்களில் மூட்டுக்கு வச்சிரம் போட்டிருப்பார்கள். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. காலப்போக்கில் காய்ந்து நொறுங்கும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் என்பதால், மூட்டை உடைக்காமலே பிரித்துத் திரும்ப ஒட்டலாம்.

வேலை இப்படி. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதிக்கொள்ளுங்கள். கையால் செய்த சாமானில் ஒரு துளைக்குச் செய்த நாக்கு, அதாவது துளைக்குள் செருகும் முனை, இன்னொரு துளையில் சரியாக உட்காராது. மர ஆணி இருந்தால் சிறுத்த முனையிலிருந்து தட்டி வெளியே எடுங்கள். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டின் மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் பசை இளகும். அப்புறம் துணி சுற்றிய கொட்டாப்புளியால் தட்டிப் பிரிக்கலாம். பழைய பசையை முழுவதுமாகச் சுரண்டி எடுப்பதுதான் இதில் முக்கியமான வேலை. ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும். பழைய பசைப் படலத்தின் மேல் தடவினால் சில மாதத்தில் திரும்பவும் ஆடும். நாக்கு தேய்ந்து துளைக்குள் லூசாக இருந்தால் இரண்டு பக்கமும் மெல்லிய மரச் சீவலை ஒட்டித் தடிமனாக்குங்கள். ஒட்டிய பிறகு இறுக்க கிளாம்ப் இல்லையென்றால் கயிறே போதும். கால்களைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

ஆணியும் எல் ஆங்கிளும் அடித்து முடுக்கிய பெஞ்சைப் பார்த்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். ஆணி நாக்கைப் பிளந்திருக்கும். அதை எடுத்துவிட்டுச் சரிசெய்வது புதிய நாக்கு வைக்கும் வேலையாகிவிடும்.

கீழே மாவு கொட்டுகிறது

கொட்டுவது எப்படி இருக்கிறது என்பதை வைத்தே பாதி விடை தெரிந்துவிடும். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் போல நைஸாக இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. ஒரே அளவில் குருணை குருணையாக உருண்டால் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். மண் கோடு ஏறியிருந்தால் தரையிலிருந்து வரும் கரையான். கடைசி வகை உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கலாம், பெஞ்சை மட்டும் பார்த்துப் பயனில்லை.

வண்டுத் துளை இருந்தாலே ஓடிவிட வேண்டியதில்லை. துளைக்குள் அழுக்கு படிந்து கருத்திருந்தால் அது எப்போதோ முடிந்துபோன கதை. ஓரம் வெளிறிப் புதிதாக இருந்து, அடியில் வெளிர் நிற மாவும் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் சாமானை நன்றாகத் துடைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள். அதுவரை மற்ற மரச் சாமான்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

நல்ல தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் உள்ள கெட்டியான பகுதியை, வண்டு எளிதில் தொடாது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியைத் தின்னும். அதனால் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தின் ஓரத்தில் வெளிறிய பட்டையில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். பெஞ்சு முழுக்கப் பரவலாகத் துளை இருந்தால் அது தேக்கு என்று சொல்வதையே சந்தேகிக்கலாம். பிறகு ஊசிச் சோதனை. காலும் சட்டமும் சேரும் இடம், பின்கால், உட்காரும் பலகையைத் தாங்கும் கட்டை ஆகிய இடங்களில் ஊசியை அழுத்துங்கள். நுனி மட்டும் இறங்கி நின்றால் சரி. தடையில்லாமல் உள்ளே போனால் அந்தச் சாமானை விட்டுவிடுங்கள். எடை தாங்கும் இடத்தில் உளுத்த மரத்துக்கு மேலே என்ன பூசினாலும் ஆள் விழுவதைத் தடுக்க முடியாது.

மருந்து என்றால் போரேட் கரைசல் நல்லது. ஆனால் பாலிஷ் இருக்கும் பரப்பில் அது உள்ளே இறங்காது. அடிப்பக்கம், மூட்டின் உள்பக்கம் போன்ற பாலிஷ் இல்லாத இடங்களில் பிரஷ்ஷால் பூசுங்கள். துளைகளுக்குள் சிரிஞ்சால் விடுங்கள். காய்ந்ததும் திரும்ப ஒரு முறை. மண்ணெண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வாடை போகாது, பின்னால் பாலிஷ் பிடிக்காது, நெருப்பு அபாயமும் இருக்கிறது. நான் அதைச் சொல்ல மாட்டேன். வெயிலில் போட்டால் வண்டு செத்துவிடும் என்பதும் மெல்லிய பலகைக்கு ஓரளவு பொருந்தலாம். தடித்த காலின் உள்ளே அந்தச் சூடு போவதற்குள் பாலிஷும் மூட்டும் கெட்டுவிடும்.

நூறு வருடப் பழசு என்கிறார்கள், நம்பலாமா?

முகப்பைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். முகப்பில் எல்லாரும் வேலை செய்திருப்பார்கள். அடியில் யாரும் செய்வதில்லை.

பலகையின் அடிப்பக்கத்தில் வளைவு வளைவாக ஒரே சீரான கோடு இருந்தால் அது வட்ட ரம்பம் ஓடிய மெஷினில் அறுத்த மரம். கையால் அறுத்ததில் கோடு நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். பிளஸ் வடிவ ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதைவிடப் பழையது என்று சொல்லும் நாற்காலியில் எல்லா ஸ்க்ரூவும் பிளஸ்ஸாக இருந்தால் ஒன்று அது முழுக்கப் பிரித்துப் பூட்டப்பட்டது, இல்லையென்றால் சொல்லும் வயது தவறு. ஒன்றிரண்டு மட்டும் பிளஸ் என்றால் பழுது பார்த்த தடயம், அதில் குற்றமில்லை.

இன்னொரு நல்ல சோதனைக்கு டேப் மட்டும் போதும். மரம் வருடக்கணக்கில் சுருங்குவது குறுக்கு வாக்கில்தான், நெடுக்கில் ஏறக்குறைய சுருங்காது. அதனால் பழைய நாற்காலியின் வட்டமான மரப் பலகையை இழை ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்தால் குறுக்களவு கொஞ்சம் குறைவாக இருக்கும். கடைசலில் பிடித்த கால்கூட மிகச் சிறிதளவு நீள்வட்டமாகியிருக்கும். இரண்டு அளவும் அச்சாக ஒன்று என்றால் யோசியுங்கள்.

தேய்மானத்தைப் பாருங்கள். கை நாற்காலியில் உள்ளங்கை படும் முனை, கால் வைக்கும் குறுக்குக் கட்டையின் மேல் விளிம்பு, பெஞ்சின் முன் ஓரம் இவைதான் தேயும். யாரும் தொடாத பின்கட்டையும் அதே அளவு மழுங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டுப் பழசாக்கியிருக்கிறார்கள்.

காரைக்குடிப் பக்கம் அடிக்கடி பார்ப்பது வேறு ஒரு வகை. மரம் உண்மையிலேயே பழசு, பெஞ்சு புதிது. பிரித்த வீட்டின் நிலை, உத்தரம், தூண் இவற்றின் பர்மா தேக்கை அறுத்துப் புதிதாகப் பெஞ்சு செய்கிறார்கள். காலிலோ பலகையிலோ காரணமே இல்லாத இடத்தில் சதுரமான ஒட்டு, அடைத்த துளை, பழைய கீல் பதித்த பள்ளம் தெரிந்தால் அதுதான். எனக்கு இந்தப் பெஞ்சுகள் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த மரம், இனி முறுக்காது. ஆனால் மரத்துக்கும் கூலிக்கும் விலை கொடுங்கள், வயதுக்குக் கொடுக்காதீர்கள்.

வளைத்த மரச் சட்டத்தில் செய்த நாற்காலிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய காபி கடைகளிலும் மும்பை இரானி ஹோட்டல்களிலும் பார்த்திருப்பீர்கள். வியன்னாவில் மைக்கேல் தோனெட்டின் கம்பெனி 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான் இவற்றின் மூதாதை. ஆறு மரத் துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. தோனெட்டின் காப்புரிமை 1869-ல் முடிந்ததும் பல கம்பெனிகள் அதே மாதிரி செய்தன. அதனால் வடிவத்தை மட்டும் வைத்து அசல் தோனெட் என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கை வளையத்தின் உள்பக்கம் முத்திரையோ ஒட்டிய லேபிளோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வகை நாற்காலி ஆடினால் பசையைத் தேட வேண்டாம், ஸ்க்ரூவை முடுக்குங்கள். பல சமயம் அதோடு முடிந்துவிடும்.

பிரம்பு தொங்குகிறது

இழை எதுவும் அறாமல் வெறுமனே தொய்ந்திருந்தால் செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பிரம்பின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை வையுங்கள். மேல்பக்கம் வழவழப்பான தோல், தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம்தான் குடிக்கும். நன்றாக ஊறியதும் நிழலில் காற்றாட ஒரு நாள் விடுங்கள், யாரும் உட்காரக் கூடாது. காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும்.

சட்டத்தின் ஓரத்தில் துளைக்குப் பக்கத்தில் இழைகள் அறுந்திருந்தால் முழுவதும் மாற்றுவதுதான் வழி. நடுவில் ஒட்டுப் பின்னல் போட்டால் அடுத்த வரிசை அறும். மாற்றும் முன் ஓரத்தைப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்ன வேண்டிய வகை, கூலி அதிகம். துளை இல்லாமல் ஒரு பள்ளத்தில் ரெடிமேட் பின்னலை அழுத்திப் பொருத்தியிருந்தால் சீக்கிரம் முடியும். துளை வைத்த சட்டத்தில் பள்ளம் தோண்டி ரெடிமேட் பின்னல் போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். சட்டம் பலவீனமாகிவிடும்.

பாலிஷ்: வெள்ளை வட்டம், கறுப்புக் கறை, பிசுபிசுப்பு

எதையும் செய்யும் முன் என்ன பாலிஷ் என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வையுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறி இடம் ஒட்டினால் அரக்கில் செய்த பழைய ஸ்பிரிட் பாலிஷ். எதுவும் ஆகாவிட்டால் பின்னால் யாரோ பியூ (பாலியூரிதேன்) அல்லது வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

வெள்ளை வட்டம் என்றால் பாலிஷுக்குள் ஈரம் மாட்டியிருக்கிறது. குறைந்த சூட்டில் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்தால் பெரும்பாலும் மறையும். கறுப்பு வளையம் மரத்துக்குள்ளேயே போன கறை. தண்ணீரும் இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தது. அந்த இடத்துப் பாலிஷை எடுத்து ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் வைத்தால் வெளுக்கும். அது விஷம், கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சாய்வு நாற்காலியின் தலைப்பக்கமும் கைப்பிடியும் பிசுபிசுத்தால் அது பாலிஷ் கோளாறே இல்லை. வருடக்கணக்கில் சேர்ந்த தலை எண்ணெயும் வியர்வையும். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இதற்காக முழு நாற்காலியையும் சுரண்டிப் புது மெருகு ஏற்றுபவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. நாற்காலியின் அழகில் பாதி அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

பெயின்ட் அடித்த பழைய பெஞ்சு என்றால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2016 விதிகளில்தான் வந்தது. உலர்ந்த தூசியாக மூச்சில் போவதுதான் ஆபத்து. ஜெல் மாதிரியான பெயின்ட் ரிமூவர் பூசி ஈரமாகவே வழித்தெடுங்கள்.

உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, எழுந்திருக்க முடியவில்லை

அளவுக் கோளாறு இது. இதை மட்டும் ஆசாரியாலும் சரிசெய்ய முடியாது. தரையிலிருந்து இருக்கை வரை 43 முதல் 46 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குச் சரிவரும். செருப்பில்லாமல் நின்று, முழங்காலின் பின்மடிப்பு வரை உங்கள் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். இருக்கை அதைவிட உயரமாக இருந்தால் தொடை அழுந்திக் கால் மரத்துப்போகும். ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி உள்ளவர்கள் எழவே சிரமப்படுவார்கள். கைநீண்ட சாய்வு நாற்காலியை வயதான அப்பா அம்மாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பவர்கள், அவர்களைக் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பள்ளிக்கூட பெஞ்சு, கோவிலில் இருந்து வந்த பெஞ்சு, சர்ச் பெஞ்சு இவற்றின் பலகை குறுகலாக இருக்கும். வாசலில் செருப்பு மாட்ட உட்கார நன்றாக இருக்கும், சாப்பாட்டு மேஜைக்கு ஆகாது. மேஜைக்கு என்றால் பெஞ்சின் மேல்மட்டத்துக்கும் மேஜையின் மேல்மட்டத்துக்கும் நடுவே 28, 30 செ.மீ. வர வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டடி நீளம் கணக்கு.

வீட்டுக்குள் வரவில்லை

எட்டடி பெஞ்சு லிஃப்ட்டில் நிற்காது. படிக்கட்டுத் திருப்பத்தை அளந்துகொண்டு போங்கள்.

வந்த சில வாரத்தில் வெடிப்பு விடுகிறது

செட்டிநாட்டு வீட்டின் காற்றோட்டமான வளவில் (முற்றப் பகுதியில்) இருந்த மரத்தை நேராக ஏசி அறைக்குள் வைத்தால் ஈரம் சட்டென்று இறங்கி மரம் சுருங்கும். ஏசி இல்லாத அறையில் சுவரைவிட்டுத் தள்ளி ஒரு மாதமாவது வையுங்கள், பிறகு மாற்றுங்கள். மயிரிழை வெடிப்பு மழைக்காலத்தில் தானே மூடும். அதை உடனே பட்டி வைத்து அடைத்தால், மரம் விரியும்போது இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும். முனையிலிருந்து ஓடும் வெடிப்பு நீண்டுகொண்டே போனால் மட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

ஊஞ்சலில் சத்தம், கொக்கியில் சந்தேகம்

கிறீச்சென்ற சத்தம் வளையங்கள் உரசுவதால் வருவது. கொஞ்சம் கிரீஸ் போதும். ஆனால் கிரீஸ் வைக்கும்போது ஒவ்வொரு வளையத்தின் உள்வளைவையும் விரலால் தடவிப் பாருங்கள். பித்தளைச் சங்கிலி உள்பக்கம்தான் தேயும், வெளியே தெரியாது. ஒரு வளையம் மற்றவற்றைவிட மெலிந்திருந்தால் அதை மாற்றும் வரை ஊஞ்சலைக் கழற்றி வையுங்கள்.

பழைய வீட்டில் ஊஞ்சல் தேக்கு உத்தரத்தில் தொங்கியது. உங்கள் வீட்டில் கான்கிரீட் கூரை. மின்விசிறிக் கொக்கி இதற்கானது அல்ல. பிளாஸ்டிக் பிளக்கில் முடுக்கிய கொக்கியும் அல்ல. ஆடும்போது சங்கிலி தாங்குவது வெறும் எடையை மட்டுமல்ல. இருபக்கமும் 30 டிகிரி ஆடினால் கீழே வரும் கணத்தில் எடையைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு இழுக்கும், 60 டிகிரி ஆடினால் இரண்டு மடங்கு. பலகையின் எடை, சங்கிலி, மூன்று பேர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, கட்டிட இன்ஜினியர் பீம் இருக்கும் இடத்தைக் காட்டிய பிறகு துளை போடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பினால் சுங்கத்தில் நிற்கிறது

1972-ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. வயது குறைந்த சாமான் என்றால் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிட்டு பேக் செய்யுங்கள். தோதகத்தி (ரோஸ்வுட்) நாற்காலிக்கு இன்னொரு கேள்வியும் வரும். அந்த மர இனம் முழுவதும் 2017-லிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் அனுப்பும் எண்ணம் இருந்தால் வாங்கும் அன்றே பில்லில் மரத்தின் பெயரையும் தோராய வயதையும் எழுதி வாங்கி, அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.